மழை மாதத்தில் பெரியமேட்டில் டென்னிஸ்: தரையும் காற்றும்

பெரம்பூரிலிருந்து வந்த கேள்வி இது: "அக்டோபர், நவம்பரில் ஐரோப்பா முழுக்கக் கூரைக்கடியில் ஆண்கள் டென்னிஸ் நடக்கிறது. நமக்கும் அதே மாதங்களில்தான் மழை. பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் அப்படியொரு தொழில்முறைப் போட்டியை நடத்த முடியாதா? பாஸ்கெட்பால் ஆடும் மரத்தரையிலேயே கோடு போட்டு ஆடிவிடலாமே?"

முடியும். ஆனால் கேள்வியின் கடைசி வரி மட்டும் நடக்காது. வெறும் மரத்தரையில் டென்னிஸ் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். தொழில்முறை ஆட்டக்காரர் யாரும் அதில் இறங்க மாட்டார். கூரை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக உண்டாக்க வேண்டியவை இரண்டு: எந்த மூலையில் விழுந்தாலும் பந்து ஒரே மாதிரி எழும்பும் தரை, போட்டி நடக்கும் எட்டு நாளும் மாறாத காற்று. செலவும் உழைப்பும் தவறுகளும் பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

முதலில், எந்தப் போட்டி? பாசல், வியன்னா, ஸ்டாக்ஹோம், பாரிஸ் என்று நீங்கள் தொலைக்காட்சியில் பார்ப்பவை, ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் 250, 500, மாஸ்டர்ஸ் 1000 படிகளைச் சேர்ந்தவை. அங்கே இடம் பிடிக்கப் பணம் மட்டும் போதாது, ஆண்டு அட்டவணையில் ஒரு வாரமும் கிடைக்க வேண்டும். 1997 முதல் 2017 வரை நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் 250 படியில் இருந்தது. 2018இல் அது புனேவுக்குப் போனது. கைவிட்டுப் போன வாரத்தைத் திரும்ப வாங்குவது எளிதல்ல. நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பது அதற்கு அடுத்த கீழ்ப்படியான சேலஞ்சர். அதைச் சிறியதென்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சேலஞ்சரை வென்றுதான் சுமித் நாகல் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தார்.

நவம்பர் என்பது நல்ல யோசனைதான். ஜனவரியில் நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பனுக்கு யார் யாருக்கு நேரடி இடம் என்பது டிசம்பர் தொடக்கத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடும். நூறாம் இடத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நிற்பவர்கள் அதற்கு முந்தைய வாரங்களில் புள்ளி தேடி எந்த ஊருக்கும் விமானம் ஏறுவார்கள். ஜப்பானில் கோபே சேலஞ்சர் நவம்பரில் உள்ளரங்கில்தான் நடக்கிறது. நம் பையன்களுக்கும் இது தேவை. நாடுகள் அணி அணியாக மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 இறுதியில் விஜய் அமிர்தராஜும் ரமேஷ் கிருஷ்ணனும் கோதன்பர்க் போய் உள்ளரங்குக் களிமண்தரையில் ஆடினார்கள்; இந்தியா 0-5 என்று தோற்றது. 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், அதுவும் உள்ளரங்கில், இந்தியா 3-1 என்று வென்றபோது தமிழ்நாட்டுப் பையன் தக்ஷிணேஸ்வர் சுரேஷ் தன் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்திலேயே ஜெரோம் கிம்மைச் சாய்த்தார். ஐரோப்பிய அணிகள் நம்மைக் கூரைக்குள் கூப்பிடும்போது பழக்கப்பட்ட இடமாக அது இருக்க வேண்டுமென்றால், கூரைக்குள் ஆடிப் பழக நம் ஊரிலும் ஒரு வாரமாவது வேண்டும்.

இனி அளவு. கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். அகலம் ஒற்றையருக்கு 8.23, இரட்டையருக்கு 10.97. இதோடு நின்றுவிடக் கூடாது. பேஸ்லைனுக்கு, அதாவது கோர்ட்டின் பின்கோட்டுக்கு, பின்னால் 6.40 மீட்டரும் பக்கக்கோட்டுக்கு வெளியே 3.66 மீட்டரும் ஓட இடம் வேண்டும். ஆக 36.57 மீட்டருக்கு 18.29 மீட்டர். நடுவர் நாற்காலி, ஆட்டக்காரர் பெஞ்சு, படக்காரர்கள், விளம்பரப் பலகை எல்லாம் அடங்க 40க்கு 20 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பாஸ்கெட்பால் கோர்ட் 28க்கு 15 மீட்டர்தான். ஆகவே அரங்கில் கண்ணால் பார்த்து 'இடம் தாராளம்' என்று சொல்லிவிட வேண்டாம், டேப் பிடித்து அளக்க வேண்டும். முன்வரிசை இருக்கைகள் உள்ளே தள்ளக்கூடியவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயரம், வலைக்கு நேர் மேலே குறைந்தது 9 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். உச்சியில் 12 மீட்டர் இருந்தாலும் ஏசி குழாயோ ஸ்பீக்கரோ கொடிக்கம்பியோ 8 மீட்டரில் தொங்கினால், உயரத் தூக்கி அடிக்கும் லாப் பந்து அதில் பட்டுப் புள்ளி போய்விடும்.

தரைக்கு வருவோம். கார்ப்பெட் விரிப்பார்களே என்று சிலர் கேட்பார்கள். ஏடிபி 2009 முதல் தன் முதன்மைப் போட்டிகளில் கார்ப்பெட்டை நிறுத்திவிட்டது. இப்போதைய வழி, பிளைவுட் பலகை அடுக்கி அதன் மேல் சிலிக்கா மணல் கலந்த அக்ரிலிக் பூச்சு. கேட்க எளிது, செய்யும்போதுதான் சங்கடம் தெரியும்.

அரங்கின் மரத்தரை குதிப்பவர் முழங்காலைக் காப்பதற்காகச் சற்றுத் துள்ளும்படி அமைக்கப்படுவது. அந்தத் துள்ளல்தான் டென்னிஸுக்கு எதிரி. கீழே தாங்கும் மரச்சட்டம் இருக்கும் இடத்தில் பந்து நன்றாக எழும்பும், சட்டங்களுக்கு இடையே செத்துவிடும். அதனால் ஒரு அடுக்குப் பலகை போதாது. தரை மேல் முதலில் பாலித்தீன் விரிப்பு, அதன் மேல் 3 மி.மீ. ஃபோம், பிறகு 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்பு மேல் விழக் கூடாது. கொத்தனார் செங்கல் வைக்கும்போது நேர்க்கோட்டில் இணைப்பு வராமல் பார்ப்பது போலத்தான். 8 அடிக்கு 4 அடி பலகை ஒன்று கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர். 800 சதுர மீட்டருக்கு ஒரு அடுக்குக்கு 270 பலகை, இரண்டு அடுக்குக்கு 540, வெட்டு சேதத்துக்கு இன்னும் இருபது முப்பது. ஒரு பலகை 33 கிலோ வரை இருக்கும், ஆக மொத்தம் 18 டன். பயப்பட வேண்டாம். பரப்பி வைத்தால் சதுர மீட்டருக்கு 22, 23 கிலோதான் வரும். ஆனால் லாரியிலிருந்து இறக்கும்போது பலகைக் கட்டுகளை ஒரே இடத்தில் குவித்தால் அரங்கின் தரை அமுங்கிவிடும், பிரித்துப் பிரித்து இறக்கச் சொல்லுங்கள்.

மேல் பலகையைக் கீழ்ப் பலகையோடு திருகு போட்டுப் பிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 36 மி.மீ. என்பதால் திருகு 30 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, போனால் அரங்கின் தரையைத் துளைத்துவிடும். ஓரங்களில் 30 செ.மீ.க்கு ஒன்று, நடுவில் சில. தலை உள்ளே அமுங்க வேண்டும். கீழ் அடுக்கில் பலகைக்குப் பலகை 2 மி.மீ. இடைவெளி விடாமல் இறுக்கி அடுக்கிவிடுவது பலரும் செய்யும் பெரிய தப்பு. ஈரம் ஏறிப் பலகை உப்பும்போது விரிய இடமில்லாமல் நடுவில் தூக்கிக்கொள்ளும். முதல் நாள் மட்டமாக இருந்த தரை நாலாம் நாள் அலை அலையாகத் தெரிவது இதனால்தான்.

இணைப்புகளில் ஃபைபர் வலை நாடா ஒட்டிப் பட்டி பார்க்க வேண்டும். சுவருக்குப் போடும் பட்டி இதற்கு ஆகாது. அது உலர்ந்து கெட்டியானதும் ஆட்டக்காரர் காலடியில் மாவாக உதிரும். வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் பட்டிதான் வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, 3 மீட்டர் மட்டப்பலகையை நாலாபக்கமும் வைத்துப் பாருங்கள். அடியில் 6 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரிந்தால் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். அடுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே உயரத்திலிருந்து ஒரே பந்தை விடுங்கள். எழும்பும் உயரம் குறைந்தாலும், 'தொப்' என்று மந்தமான ஓசை வந்தாலும் அடியில் காற்று இருக்கிறது என்று பொருள். பூச்சு போட்ட பிறகு இதைக் கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டிவரும்.

பூச்சில் வரிசை இது: மரத்துக்கான அடிப்பூச்சு ஒன்று, நிரப்பும் பூச்சு ஒன்று, மணல் கலந்த வண்ணப் பூச்சு இரண்டு அல்லது மூன்று. பந்தின் வேகம் இந்த மணலில்தான் இருக்கிறது. மணல் கூடினால் தரை பந்தைப் பிடித்து நிறுத்தும், பந்தின் மேல்கம்பளியும் சீக்கிரம் தேயும். குறைந்தால் பந்து தாழ்ந்து சறுக்கும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இதை எண்ணால் வகுத்திருக்கிறது: 29 வரை மெதுவானது, 30 முதல் 34 வரை சற்று மெதுவானது, 35 முதல் 39 நடுத்தரம், 40 முதல் 44 சற்று வேகமானது, 45உம் அதற்கு மேலும் வேகமானது. நமக்கு 35 முதல் 40க்குள் இருந்தால் போதும். வாளியின் அடியில் மணல் இறங்கிவிடும் என்பதால் கலக்குபவர் கை நிற்கவே கூடாது. கலக்காமல் ஊற்றிய வாளியின் மேல்பகுதி விழுந்த இடம் வேகமாகவும் அடிப்பகுதி விழுந்த இடம் மெதுவாகவும் ஆகி, ஒரே கோர்ட்டில் இரண்டு தரை வந்துவிடும். ஏசி காற்று நேராக அடிக்கும் பக்கம் பூச்சு சீக்கிரம் உலர்ந்து, ரப்பர் கட்டையால் இழுத்த தடம் கோடு கோடாக நிற்கும். பூசும் நேரத்தில் அந்தப் பக்கத்துக் காற்றை மட்டும் திருப்பிவிடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு பூச்சுக்கு மேல் அவசரப்பட வேண்டாம். புதுத்தரை முதல் இரண்டு நாள் சொரசொரப்பாக மெதுவாகவே இருக்கும். தகுதிச் சுற்றுக்கு முன் யாரையாவது விட்டு ஒரு நாள் முழுக்க ஆடவைத்தால்தான் சமநிலைக்கு வரும்.

வலைக்கம்பம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கம்பத்துக்கும் இடையே 12.80 மீட்டர். கம்பத்தில் உயரம் 1.07, நடுவில் 0.914. அரங்கின் தரையில் குழி தோண்ட அனுமதி கிடைக்காது. கம்பத்துக்குக் கீழே வெறும் எடைப்பலகை வைத்தால், வலைக்கம்பியை இறுக்க இறுக்கக் கம்பம் உள்ளே சாயும், நடுவில் வலை இறங்கும். இரண்டு கம்பங்களின் அடியையும் பலகைக்கு அடியிலேயே ஒரு இரும்புச் சட்டத்தால் இணைத்துவிட்டால் இழுவை ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். இதைப் பலகை அடுக்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு நினைவு வந்து பயனில்லை.

இவ்வளவும் செய்தாலும் காற்றைக் கவனிக்காவிட்டால் பாழ். ஐரோப்பிய அரங்குகளில் வெளியே குளிர்ந்த உலர்காற்று, உள்ளே வெதுவெதுப்பு. நமக்கு நேர் தலைகீழ். ராயபுரம் கடற்கரை பெரியமேட்டிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். நவம்பர் மழைநாளில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகத் துளிர்க்கும். ஏசியில் உங்கள் தரை 23 டிகிரியில் இருக்கிறது. பார்வையாளர் வரும் கதவைத் திறந்து வைத்தால், உள்ளே நுழையும் காற்று தரையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலமாகப் படியும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதும் இதுவும் ஒன்றுதான். பேஸ்லைன் ஓரத்தில் ஓடித் திரும்பும் ஆட்டக்காரரின் கணுக்கால் போவது அங்கேதான்.

இதற்கு வழி மூன்று. ஒவ்வொரு வாசலிலும் இரட்டைக் கதவு வைத்து, ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும்படி ஆள் நிறுத்துங்கள். உள்ளே 24 டிகிரி, ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம் என்று பிடித்து வையுங்கள். அந்நிலையில் நீர் துளிர்க்கத் தரை 14 டிகிரி வரை குளிர வேண்டும், அது நடக்காது. மூன்றாவதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள்: இரவில் ஏசியை நிறுத்தக் கூடாது. மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க நிறுத்தினால் விடிவதற்குள் அரங்கம் முழுக்க ஈரக்காற்று நிறையும், பலகை அதைக் குடிக்கும், காலையில் ஏசி போட்டதும் மேல்பக்கம் மட்டும் உலர்ந்து ஓரங்கள் வளையும். பலகை வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பே ஏசி ஓடத் தொடங்க வேண்டும். வந்த பலகையை உடனே அடுக்காமல், இடையிடையே கட்டை வைத்துக் காற்றோட்டமாக மூன்று நாள் அரங்கிலேயே போட்டு வைத்து, ஈரமானி 12 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஈரக்காற்று கனமானது, அதனால் பந்து மெதுவாகப் போகிறது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் ஈரக்காற்று உலர்காற்றைவிடச் சற்று லேசானது. பந்தை மந்தமாக்குவது அதன் கம்பளி உறிஞ்சும் ஈரம். டப்பாவைத் திறக்கும்போது 56 முதல் 59.4 கிராமுக்குள் இருக்கும் பந்து, ஈரம் குடித்துக் கனத்து, மயிர் விரிந்து காற்றில் இழுபடும். பந்து டப்பாக்களையும் அதே ஏசிக்குள் வைத்திருங்கள், வெளியே கொட்டகையில் வேண்டாம்.

வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் குறையாமல், கோர்ட் முழுக்கச் சீராக விழ வேண்டும். விளக்குகள் பக்கக்கோட்டுக்கு வெளியே, அதற்கு இணையான வரிசையாக இருக்கட்டும். கோர்ட்டுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் சர்வ் போடப் பந்தைத் தூக்குபவர் கண் கூசும். பேஸ்லைனுக்குப் பின்னால் அடர்நீலமோ அடர்பச்சையோ திரை வேண்டும், வெள்ளை எழுத்து விளம்பரம் அங்கே கூடவே கூடாது. எல்இடி விளக்கு என்றால் மின்சாரம் திரும்பியதும் உடனே எரியும். பழைய மெட்டல் ஹாலைட் ஒரு நொடி மின்சாரம் போனாலும் ஆறி மறுபடி எரியப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மழை நாளில் மின்சாரம் எப்போதும் கண் சிமிட்டலாம் என்பதால், விளக்கும் ஸ்கோர் பலகையும் கோடு சொல்லும் கேமராக்களும் யுபிஎஸ் வழியாகவே போகட்டும், அதற்குப் பின்னால் ஜெனரேட்டர். ஏடிபியின் முதன்மைப் போட்டிகளில் 2025 முதல் கோட்டு நடுவர் கிடையாது, எல்லாம் கேமரா. கேமரா மாட்டிய கம்பி ஏசி அதிர்வில் நடுங்கினாலும் அளவு தவறும்.

இத்தனைக்கும் மேல், ஒரே கோர்ட்டில் சேலஞ்சரை முடிக்க முடியாது. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒற்றையரில் 32 பேர் என்றால் 31 ஆட்டம். 24 பேரில் 6 பேரைத் தேர்ந்தெடுக்கும் தகுதிச் சுற்று 18. இரட்டையரில் 16 ஜோடிக்கு 15. ஆக 64. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் காலை பத்திலிருந்து இரவு பத்து வரை ஆறு ஆட்டம். கடைசி மூன்று நாளில் ஆட்டம் குறைவு என்பதால் எட்டு நாளில் நாற்பதுக்கு மேல் தாண்டாது. பயிற்சிக்கும் இடம் வேண்டும். நுங்கம்பாக்கத்து வெளிக்கோர்ட்டில் மீதியை ஆடலாமே என்றால், மழை மாதம் என்பதுதானே இந்த யோசனைக்கே காரணம்? கூரைக்குள் ஒரு சுற்று, வெளியில் ஒரு சுற்று என்பது ஆட்டக்காரர்களுக்கும் நியாயமில்லை.

என் கணிப்பில் இதற்கு விடை மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கத்துப் பெரிய கிடங்குகளில் இருக்கிறது. நடுவில் தூண் இல்லாமல் 20 மீட்டர் அகலமும் வலைக்கு மேல் 9 மீட்டர் உயரமும் உள்ள கொட்டகை ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தால், அதன் சிமெண்ட் தரை பலகை வேலைக்கு மரத்தரையைவிட நல்லது. குறை ஒன்று உண்டு. தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் ராக்கெட்டில் பந்து படும் ஓசை கேட்காது. ஆட்டக்காரர் கண்ணால் மட்டும் ஆடுவதில்லை, எதிராளியின் அடி எவ்வளவு பலம், எவ்வளவு சுழல் என்பதைக் காதால்தான் முதலில் அறிகிறார். கூரைக்கு அடியில் கண்ணாடிக் கம்பளி அடைத்த கொட்டகையாகத் தேடுங்கள், வெயில் சூடும் குறையும். இரண்டு இடத்துக்கும் இடையே ஓடும் வண்டிக்குக் கணேசபுரம் சுரங்கப்பாதை இல்லாத வழியை முன்கூட்டியே குறித்து வையுங்கள். மழையில் அது குளமாகிவிடும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பந்து கணக்கு: ஆறு பந்தோடு தொடங்கி முதல் 7 கேமுக்குப் பிறகும், அதன்பின் ஒவ்வொரு 9 கேமுக்கும் மாற்றினால் ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 18. 64 ஆட்டத்துக்கு 1,152. பயிற்சிக்கு அதற்கு மேல் தனியாக ஒதுக்க வேண்டும்.

பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளை வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பள்ளிகளிலிருந்து எடுங்கள் என்பது என் ஆசை. கோர்ட்டுக்கு ஆறு பேர்: வலையில் இருவர், இரு கோடியிலும் இருவர் இருவர். முக்கால் மணிக்கு ஒருமுறை மாற, கோர்ட்டுக்கு மூன்று குழு. இரண்டு கோர்ட்டுக்கு 36 பிள்ளைகள். பந்தை எறியக் கூடாது, தரையோடு உருட்ட வேண்டும். ஆட்டம் நடக்கையில் அசையக் கூடாது. ஒரு துள்ளலில் ஆட்டக்காரர் கைக்குப் போகும்படி கொடுக்க வேண்டும். இது கைவர ஆறு வாரமாவது ஆகும். பாசல் போட்டியைப் பத்து முறை வென்ற ரோஜர் ஃபெடரர், சிறுவனாக அதே போட்டியில் பந்து பொறுக்கியவர்.

பலகைக்கு விலை கேட்கும் முன் ஒன்று செய்யுங்கள். வரும் நவம்பரில் ஒரு வாரம், அனுமதி வாங்கி, அரங்கின் நடுவிலும் நான்கு மூலையிலும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஈரப்பதமானி வைத்து, காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என மூன்று வேளையும் வெப்பத்தையும் ஈரத்தையும் எழுதி வாருங்கள். ஏசி ஓடும்போது தனியாக, நிறுத்தியபோது தனியாக. எத்தனை டன் ஏசி கூடுதலாக வாடகைக்கு எடுக்க வேண்டும், கதவு எத்தனை மாற்ற வேண்டும் என்பதற்கு அந்தத் தாளை வைத்துத்தான் கணக்குப் போட முடியும்.